மணம் பாட்டிலில் இல்லை, மூடியில்

பாட்டிலை எத்தனை தடவை கழுவினாலும் பழைய மணம் போகவே மாட்டேன் என்கிறது என்று யாராவது சொன்னால், மூடியைத் தனியாகக் கழற்றி முகர்ந்து பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். எசன்ஸ் தயாரிக்கும் ஆய்வகத்தில், பாட்டில் கழுவும் அறையில்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு கலவை மேசைக்கு மாறிவிட்டேன், ஆனாலும் புத்தி இன்னும் கழுவும் தொட்டிப் பக்கமே நிற்கிறது. இ-சிகரெட் திரவத்தை வீட்டிலேயே கலக்கிற நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு (அந்தப் பழக்கத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது அவர்களுக்கே தெரியும், அதை இங்கே இழுக்கவில்லை). அவர்கள் கேட்கிற சந்தேகங்களும் எங்கள் அறையில் அன்றாடம் பட்ட பாடும் ஏறக்குறைய ஒன்றுதான். பொருள்களும் அதேதான், எசன்ஸைக் கரைத்து வைத்திருக்கிற திரவமான புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், எசன்ஸ். அவர்களுக்குக் கூடுதலாக நிகோடின்.

மூடி விஷயத்துக்கு வருகிறேன். திருகு மூடிக்குள் மெல்லிய வட்டமாக ஒரு அட்டையோ நுரைத்தாளோ ஒட்டியிருக்கும், அதன் அடியில் திரவம் புகுந்துவிட்டால் மேலே ஓடுகிற எந்தத் தண்ணீரும் அதைத் தொடாது. ஊசி முனையால் அதை நெம்பி எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் பளபளவென்று ஈரமாக இருக்கும், மேல்பக்கம் காய்ந்து சுத்தமாக இருக்கும். டிராப்பர் என்றால் இன்னும் மோசம். கண்ணாடிக் குழாயும் ரப்பர் குமிழும் சேருகிற கழுத்தில்தான் எல்லாம் தங்கும். மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் போடாமல் கழுவுவது கழுவாமல் இருப்பதற்குச் சமம். அதிலும் ரப்பர் மணத்தை உள்ளே உறிஞ்சி வைத்துக்கொள்ளும், மேலே தேய்த்து ஒன்றும் ஆகாது. குமிழை மாற்றிவிடுவதுதான் வழி.

கிளிசரினைப் பார்த்துப் பயப்படத் தேவையே இல்லை. கவிழ்த்து வைத்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கும், விரலில் பிசுபிசுக்கும், ஆனால் தண்ணீரில் எந்த அளவிலும் கரைந்துவிடும். சூடு பட்டால் போதும், 20 டிகிரி செல்சியஸில் இருக்கிற பாகுத்தன்மை 60 டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். வெந்நீருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

எசன்ஸ்தான் விஷயம். ஆரஞ்சு எசன்ஸ் இருந்த பாட்டிலில் மிச்சம் ஒட்டியிருக்கும்போது நேராகக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள், உள்ளே சட்டென்று பால் போல வெளுக்கும். பலர் இதை அழுக்கு கழன்று வருகிறது என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறார்கள். நடப்பது வேறு. ஆரஞ்சின் லிமோனீன், சோம்பின் அனெத்தோல் போன்றவையெல்லாம் எண்ணெய்த் தன்மை உள்ளவை, கிளைக்காலில் கரைந்து அமைதியாக இருந்தவை. தண்ணீர் உள்ளே வந்ததும் அதில் கரைய முடியாமல் பொடிப் பொடித் துளிகளாகப் பிரிகின்றன, பிரிந்ததில் ஒரு பங்கு போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஆக, கழுவுகிறோம் என்று நினைத்து உள்ளே எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறோம். எங்கள் அறையில் அதனால்தான் வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் கொஞ்சம் ஆல்கஹால் விட்டுக் குலுக்கி வடித்துவிடுவோம் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும்), அப்புறம் வெந்நீரும் டிடர்ஜென்ட்டும் பிரஷ்ஷும், அதற்கு அப்புறம்தான் அலசல். ஒன்று, அந்த ஆல்கஹாலின் ஆவி 12 டிகிரியிலேயே தீப்பற்றக் கூடியது. அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வேலை வேண்டாம். ஆல்கஹால் ஈரத்தோடு பாட்டிலை ஓவனில் காய வைப்பதும் கூடாது.

அலசுவதில் எங்கள் அறையின் மூத்த அக்கா ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்வார், "ஊத்துன தண்ணியப் பார்க்காத, ஒட்டியிருக்கற தண்ணியப் பாரு." எனக்கு அது கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. வடித்த பிறகும் பாட்டிலுக்குள் அரை மி.லி. ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். 30 மி.லி. தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றிக் குலுக்கி வடித்தால் பழையதில் 61இல் ஒரு பங்கு மிஞ்சும். அதே 30 மி.லி.யைப் பத்துப் பத்தாக மூன்று தடவை ஊற்றி ஒவ்வொரு தடவையும் நன்றாக வடித்தால் 9261இல் ஒரு பங்குதான் மிஞ்சும். தண்ணீர் அதே அளவுதான். நடுவில் பொறுமையாகக் கவிழ்த்து வைத்திருக்கிற அந்தச் சில நொடிகள்தான் வித்தியாசம். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அதன் கீழே பாட்டிலைக் காட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும்.

கண்ணாடி சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள மூக்கை நம்ப வேண்டாம், நாள் முழுக்க எசன்ஸ் நடுவில் இருக்கிற மூக்கு மரத்துப்போயிருக்கும். கடைசி அலசலில் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். சுத்தமான கண்ணாடியில் அது ஒரே மெல்லிய படலமாக வழியும். எங்கேயாவது படலம் அறுந்து முத்து முத்தாக நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் இந்தச் சோதனை எடுபடாது, புதுப் பாட்டிலிலேயே தண்ணீர் முத்தாகத்தான் நிற்கும்.

பிளாஸ்டிக் பாட்டிலை மறுபடி பயன்படுத்தலாமா என்று கேட்டால் என் பதில் எப்போதும் அரைமனதுதான். பாலித்தீன் லிமோனீனை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிறகு அடுத்த கலவைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். இதே லிமோனீன் தெர்மாகோலைக் கரைத்தே விடும் என்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பெட் (PET, குடிதண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்) பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் 70 டிகிரியைத் தாண்டியதுமே நெளிய ஆரம்பிக்கும். கண்ணாடிக்கும் திடீர் சூடு ஆகாது, குளிர்ந்த பாட்டிலில் கொதிநீரை ஊற்றினால் விரிசல் விடும். புதினாவுக்கு ஒரு பாட்டில், சோம்புக்கு ஒரு பாட்டில் என்று ஒதுக்கிவிடுவது பல தலைவலிகளை மிச்சப்படுத்தும்.

சமையல் எசன்ஸ் இருந்த பாட்டிலைக் கழுவி இ-சிகரெட் கலவைக்கு எடுத்துக்கொள்வது மட்டும் எனக்கு ஒப்பவே ஒப்பாது. சாப்பிடலாம் என்பதால் நுரையீரலுக்குள் இழுக்கலாம் என்று ஆகிவிடாது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் தொழிற்சாலை ஒன்றின் முன்னாள் ஊழியர்கள் எட்டு பேருக்குக் கடுமையான நுரையீரல் நோய் வந்தது வெளியே தெரிந்து, வெண்ணெய் மணத்துக்காகச் சேர்க்கிற கலவையின் ஆவிதான் காரணம் என்று விசாரணை போய் நின்றது. அந்த வெண்ணெய் மணத்தைத் தருகிற டைஅசெட்டில் என்ற பொருளின் பெயர் எங்கள் துறையில் எல்லோர் வாயிலும் விழுந்தது அதனால்தான். அவர்களும் யாரும் தப்பான பொருளைச் சாப்பிடவில்லை, மூச்சுதான் விட்டார்கள்.

நிகோடின் இருந்த பாட்டில் என்றால் பேச்சே வேறு. அது தோல் வழியாகவே உடம்பில் ஏறும், கையில் பட்டால் குமட்டலும் தலைசுற்றலும் வரலாம். நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சையும் பிரஷ்ஷையும் அதற்கு எடுக்கவே கூடாது, அதற்கென்று தனியாக ஒன்று வைத்து, குழந்தைகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள். எங்கள் ஆய்வகத்தில் இந்த மாதிரிப் பொருள்களின் முதல் அலசலைத் தொட்டியில் விடாமல் தனிக் கேனில் பிடித்து, ரசாயனக் கழிவோடு அனுப்புவார்கள். பழைய லேபிளை உரித்துவிட்டுத்தான் கழுவவே ஆரம்பிப்போம். வாடை மிச்சமிருந்தால் கலவை கெடும், அவ்வளவுதான். பழைய லேபிள் மிச்சமிருந்தால் அதை நம்பி, உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்று தெரியாமல் இன்னொருவர் கை வைப்பார்.