தேய்ஞ்ச ஸ்டைரீன் 45 கடைசியில பாடிருச்சு

ஓக்கே (OKeh) லேபிள்ல 1967ல வந்த சாண்டி ஷெல்டன் 45 (நிமிஷத்துக்கு 45 சுத்து ஓடுற 7 இன்ச் தட்டு), 'யூ ஆர் கோனா மேக் மீ லவ் யூ', வான் மெக்காய் எழுதி ப்ரொட்யூஸ் பண்ணது. என் பெட்டியில ரொம்ப நாளா சும்மா கிடந்த காப்பி நேத்து ராத்திரி கடைசி கோரஸ் வரைக்கும் சத்தம் கிழியாம பாடிருச்சு. சந்தோஷம் தாங்கல. வேலை இன்னும் முழுசா முடியல, ஆனா சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்துட்டேன்.

நார்தர்ன் சோல் (வட இங்கிலாந்து கிளப்புங்க தேடிப் பிடிச்சு ஆடின பழைய அமெரிக்க சோல் பாட்டு) தட்டு வாங்குறவங்களுக்கு ஸ்டைரீன் (வினைலுக்கு பதிலா போட்ட மலிவான பிளாஸ்டிக்) தலைவலியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. கொலம்பியா ஃபேக்டரிகள்ல அந்தக் காலத்துல 45ஐ பெரும்பாலும் இதுலதான் போட்டாங்க, ஓக்கேவும் கொலம்பியா கையில இருந்த லேபிள், அதனால பாடகர் மேஜர் லான்ஸ்ல இருந்து சாண்டி ஷெல்டன் வரைக்கும் நாம தேடி அலையுற ஊதா லேபிள் தட்டுல முக்கால்வாசி இந்த ரகம்தான். வினைல் மாதிரி அழுத்தி எடுக்கிறது இல்ல, உருக்கி அச்சுக்குள்ள பீய்ச்சி எடுக்கிறது. கம்பெனிக்கு செலவு மிச்சம். ஆனா மழுங்கின முள்ளு கொஞ்ச தடவை ஓடினாலே குரூவ் (முள்ளு ஓடுற பள்ளம்) சுவர் உதிர ஆரம்பிச்சிடும். என் காப்பியும் அப்படித்தான், வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா ஓரத்துல இருந்து லேபிள் வரைக்கும் வெளுத்த சாம்பல் நிறம். அமெரிக்க வீடுகள்ல கனமான ஆர்ம் (முள்ளைத் தாங்குற கை) இருந்த போர்ட்டபிள் ப்ளேயர்ல ஓடி, அப்புறம் இந்தப் பக்கம் இங்கிலாந்து கிளப் டெக்ல ஓடி, இவ்வளவு தூரம் உயிரோட வந்ததே பெருசு.

முதல்ல முள்ளு விஷயம். நான் வெச்சிருக்கிறது ஆடியோ டெக்னிகா விஎம்95 கார்ட்ரிட்ஜ் (ஆர்ம் நுனியில முள்ளு மாட்டுற டப்பா) பாடி. இதுல பெரிய வசதி, பாடி ஒண்ணு, முள்ளை மட்டும் கழட்டி மாத்திக்கலாம், அதனால ஒரே தட்டை வேற வேற முள்ளுல போட்டு ஒப்பிட முடியுது. 0.6 மில் (மில்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) கோனிகல், அதாவது உருண்டை நுனி முள்ளு, போட்டா பழைய கதைதான், பித்தளை வாத்தியம் எழும்புற இடத்துலயெல்லாம் கரகரன்னு கிழியுது. எலிப்டிகல் (நீள்வட்ட நுனி) போட்டா கரகரப்பு குறையல, இன்னும் கூர்மையா காதைக் குத்துது. மைக்ரோலீனியர் போட்டப்பதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது குரூவ் சுவரை ஒரு புள்ளியில தொடாம மேலிருந்து கீழே நீளமா தொடுது, பழைய கோனிகல் முள்ளு எல்லாம் சேர்ந்து தேய்ச்ச பட்டைக்கு மேலயும் கீழயும் இன்னும் நல்ல சுவர் மிச்சம் இருக்கு, அதைப் போய் படிக்குது. பாட்டோட முதல் பாதி அப்படியே திரை விலகின தெளிவு. ஆனா ரெண்டாவது பாதியில, லேபிள் பக்கம் போகப் போக, மறுபடியும் கிழிசல்.

இங்கதான் நான் மாட்டிக்கிட்டேன், இந்த ஒரு இடத்துல போன நேரத்துக்கு கணக்கே கிடையாது. தேய்மானம் உள்பக்கம் அதிகம்னு விட்டுடலாம். எனக்கு மனசு ஒப்பல, ஏன்னா கண்ணுக்கு உள்பக்கம் அப்படி ஒண்ணும் மோசமா தெரியல. அப்பதான் ப்ரொட்ராக்டரை (முள்ளு நிக்கிற கோணத்தைச் சரிபாக்குற அட்டை) எடுத்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். நம்மள்ல பல பேர் கார்ட்ரிட்ஜ் வைக்கிறது பேர்வால்ட்ங்கிறவர் போட்ட கணக்குல. அந்தக் கணக்குல ஸ்பிண்டில்ல (தட்டு நடு ஓட்டையில நுழையுற கம்பி) இருந்து 66 மில்லிமீட்டர்லயும் 120.9 மில்லிமீட்டர்லயும்தான் முள்ளு குரூவுக்கு நேரா நிக்கும். 45 தட்டோட வெளி ஓரமே 88 மில்லிமீட்டர் பக்கம்தான். 120.9 எங்க இருக்கு? தட்டுக்கு வெளிய, அடியில விரிக்கிற வெறும் ஸ்லிப்மேட் மேல. அது 12 இன்ச் எல்பிக்காக போட்ட கணக்கு, 60லிருந்து 146 மில்லிமீட்டர் வரைக்கும் கோணப் பிசகை சமமா பங்கு போடுறது. 45ல பாட்டு ஓடுறது சுமாரா 84லிருந்து உள்ள 54 வரைக்கும். என் பெட்டியில இருக்கிற தட்டுங்களை ஸ்கேல் வெச்சு அளந்து பாத்தேன், 54க்கு உள்ள போற பாட்டு அபூர்வம்.

அப்ப 54க்கும் 84க்கும் மட்டும் அதே கணக்கை திரும்பப் போட்டா என்ன ஆகும்னு பாத்தேன். நேரா நிக்கிற ரெண்டு புள்ளியும் 57லயும் 77.7லயும் வந்து விழுது. ரெண்டும் தட்டுக்குள்ள! டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிள்ல பிவட்டுக்கும் (ஆர்ம் திரும்புற அச்சு) ஸ்பிண்டிலுக்கும் 215 மில்லிமீட்டர், அதை வெச்சுப் பாத்தா சாதாரண பேர்வால்ட்ல 54 மில்லிமீட்டர் இடத்துல பிசகு 2 டிகிரி பக்கம் வருது, புதுக் கணக்குல எந்த இடத்துலயும் 0.3 டிகிரியைத் தாண்டல. கோனிகல் முள்ளுக்கு 2 டிகிரி பெரிய விஷயமே இல்ல, உருண்டைதானே, கொஞ்சம் கோணலா நின்னாலும் அவ்வளவா பாதிக்காது. மைக்ரோலீனியருக்கு அது கொலை. நீளமா மெல்லிசா இருக்கிற ஓரம் கோணலா உரசினா சத்தமும் கெடும், தட்டும் கெடும், அதுவும் ஸ்டைரீன்ல.

கணக்கு பேப்பர்ல சுலபம், கார்ட்ரிட்ஜை அப்படி நிக்க வைக்கிறதுதான் பாடு. கம்பெனி சொல்ற 15 மில்லிமீட்டர் ஓவர்ஹேங்க் (முள்ளு ஸ்பிண்டிலைத் தாண்டி நீளுற அளவு) இதுல 10 ஆகுது, அதாவது கார்ட்ரிட்ஜ் 5 மில்லிமீட்டர் பின்னாடி போகணும். கூடவே ஆஃப்செட் கோணம் (ஆர்ம் நேர்கோட்டுல இருந்து கார்ட்ரிட்ஜ் திரும்பி நிக்கிற கோணம்) 22 டிகிரியில இருந்து 17.4க்கு வரணும், ஆனா ஆர்ம் வளைவு வளைவுதான், அதை மாத்த முடியாது, அதனால கார்ட்ரிட்ஜை ஹெட்ஷெல்லுக்குள்ளயே (ஆர்ம் நுனியில கார்ட்ரிட்ஜை மாட்டுற தகடு) வெளிப்பக்கமா நாலரை டிகிரி திருப்பணும். பாக்க கழுத்து சுளுக்கின மாதிரி இருக்கும். என்கிட்ட இருந்த ஹெட்ஷெல்லோட ஸ்க்ரூ ஸ்லாட் ஒல்லி, அந்த அளவுக்கு திரும்பவே விடல. அகலமான ஸ்லாட் உள்ள இன்னொண்ணு தேடி வாங்கினேன், வாங்குறவங்க எடை முக்கியமா ஸ்லாட் அகலம் முக்கியமான்னு யோசிக்கவே வேண்டாம், ஸ்லாட்தான். அப்புறம் 57, 77.7 ரெண்டு புள்ளியும் கோடும் போட்ட ப்ரொட்ராக்டரை நானே வரைஞ்சு பிரிண்ட் எடுத்தேன். பிரிண்டர் சைஸை தானா சுருக்கிடும், எடுத்த உடனே ஸ்டீல் ஸ்கேல் வெச்சு சரிபாருங்க, 1 மில்லிமீட்டர் போச்சுன்னா மொத்தமும் போச்சு. அப்புறம் பூதக்கண்ணாடி, டார்ச் லைட், ஸ்க்ரூவை கால் சுத்து இறுக்கினா முள்ளு நகருது, தளர்த்தினா திரும்புது. பாடியோட விளிம்பை பாக்காதீங்க, கான்டிலீவரை (முள்ளு ஒட்டியிருக்கிற மெல்லிசான குச்சி) பாருங்க, ரெண்டும் எல்லா முள்ளுலயும் ஒரே நேர்கோட்டுல இருக்காது. முள்ளு தட்டை அழுத்துற வெயிட் 2 கிராம், கம்பெனி சொன்ன அதே அளவு, அதைக் குறைச்சு வைக்கிறது தட்டுக்கு நல்லதுன்னு சிலர் சொல்றது எனக்கு ஒப்புதல் இல்ல, முள்ளு துள்ள ஆரம்பிச்சா அதைவிட கேடு வேற இல்ல.

இந்த ஹெட்ஷெல் இனிமே 45க்கு மட்டும். எல்பி போடணும்னா கழட்டி வேற ஒண்ணை மாட்டிடுவேன்.

அடுத்தது ஆம்ப்ல மோனோ பட்டன். செகண்ட் ஹேண்டுல பழைய ஆம்ப் ஒண்ணு வாங்கினதே இந்த பட்டனுக்காகத்தான். இந்த தட்டெல்லாம் மோனோ, பாட்டு முழுக்க பக்கவாட்டு அசைவுலதான் இருக்கு, மேலும் கீழும் வர்ற அசைவு பூராவும் தூசி, கீறல், தேய்மானம். ரெண்டு சேனலையும் சேர்த்துட்டா மேல் கீழ் சத்தம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு போயிடும். கிளீனிங் பத்தி ஒரே வார்த்தை, ஸ்டைரீனுக்கு நான் ஆல்கஹால் தொடுறதில்ல, டிஸ்டில்டு வாட்டர், ஒரு துளி வெட்டிங் ஏஜென்ட் (தண்ணியைப் பரவ வைக்கிற திரவம்), மெல்லிசான பிரஷ், லேபிள்ல தண்ணி படவே கூடாது, அது ஒட்டின லேபிள்.

எல்லாம் சேர்ந்து நேத்து ராத்திரி போட்டப்ப, ரெண்டாவது பாதி மேல ஏறுற இடம், இவ்வளவு நாளும் நான் முகம் சுளிச்சுக்கிட்டே காத்திருந்த இடம், அங்க சாண்டி ஷெல்டன் குரல் பின்னணி வாத்தியத்துல இருந்து பிரிஞ்சு தனியா நின்னுச்சு. பாட்டு டெட்ராய்ட் மோட்டவுன் லேபிள் ரகத்துல ஓட்டமா ஓடுற ரகம், ஆனா அந்தக் குரல்ல ஒரு தவிப்பு இருக்கு, அது என் காப்பியில இருக்குன்னே எனக்குத் தெரியாது. சரியாகாதது ஒண்ணு இருக்கு, முதல் சில செகண்ட். யாரோ ஒரு டிஜே இதை முன்னும் பின்னும் உருட்டி க்யூ பண்ணியிருக்கார் (பாட்டு ஆரம்பிக்கிற இடத்தைத் தேடியிருக்கார்), அந்த இடத்துல சுவர் மேலிருந்து கீழ வரைக்கும் போச்சு, எந்த முள்ளு வந்தாலும் உஸ்ஸுனுதான் வரும்.

விகன் கசினோவுக்கு (வட இங்கிலாந்துல இருந்த நார்தர்ன் சோல் கிளப்) சின்ன வயசுல ஆடப் போன ஒருத்தர் எனக்கு பழக்கம், 1973 செப்டம்பர்ல ஆல்நைட்டர் (விடிய விடிய ஆட்டம்) ஆரம்பிச்ச காலத்து ஆள், அவர் ஸ்டைரீனுக்கு கோனிகல் தவிர எதுவும் கூடாதுன்னு அடிச்சு சொல்வார். நல்ல நிலையில இருக்கிற காப்பிக்கு நானும் அதையேதான் சொல்லுவேன். தேய்ஞ்ச காப்பிக்கு மட்டும் என் வழி வேற, செத்துப்போச்சுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி மைக்ரோலீனியரை ஒழுங்கா அலைன் பண்ணி ஒரு தடவை கேளுங்க.

இதை ஏன் இவ்வளவு தூரம் இழுக்கணும், ரீஇஷ்யூ வாங்கலாமேன்னு கேட்பாங்க. ரீஇஷ்யூ மேல எனக்கு கோபமே இல்ல. பாடகர் ஃபிராங்க் வில்சன் தட்டையே எடுத்துக்குங்க, மோட்டவுன் குடும்பத்து சோல் லேபிள்ல 1965ல அடிச்சு கடைக்கே வராம நின்னது, ஒரு காப்பி 2009ல 25,742 பவுண்டுக்குப் போச்சு, அதெல்லாம் நம்ம கைக்கு எட்டுற விஷயமா? 1979ல டாம்லா மோட்டவுன் இங்கிலாந்துல திரும்பப் போட்டாங்க, அதை சந்தோஷமா போட்டு ஆடலாம். ஆனா நார்தர்ன் சோல் ராத்திரிகள்ல ஒரிஜினல் மட்டும்தான்னு பிடிவாதமா இருக்கிற இடங்கள் இருக்கு, அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவுல விக்காம கிடந்த தட்டை மான்செஸ்டர் ட்விஸ்டட் வீல் கிளப்லயும் ஸ்டோக் பக்கம் டார்ச் கிளப்லயும் ஆடி ஆடி காப்பாத்தினாங்க. மேஜர் லான்ஸை டார்ச்சுக்கே வரவழைச்சு பாட வெச்சு அது லைவ் எல்பியாவும் வந்துச்சு. அந்தக் கூட்டம் கேட்ட அதே தட்டை ஓட்டுறது எனக்கு முக்கியம்.

வாங்குறதைப் பத்தி கொஞ்சம் புலம்பிக்கிறேன். அமெரிக்காவுல ஒரு விற்பனையாளர், விஜி பிளஸ்னு (நல்ல நிலைன்னு சொல்ற கிரேட்) போட்டு அனுப்பின ஸ்டைரீன் தட்டு கண்ணாடியா பளபளக்குது, முள்ளு வெச்சா முழுக்க கரகரப்பு. ஸ்டைரீனை கண்ணால கிரேட் பண்றது தப்பு, தேய்ஞ்சுபோன தட்டுகூட சில சமயம் பளபளக்கும், போட்டுக் கேட்டீங்களான்னு கேட்காம காசு அனுப்பாதீங்க. அட்டை ரெண்டு பக்கமும் விறைப்பா வைக்கச் சொல்லுங்க, வினைல் வளையும், இது நடு ஓட்டை ஓரத்துல விரிசல் விடும். இங்கிலாந்துக்கு வரவழைச்சா 20 சதவீதம் வாட் வரி வேற, போஸ்டேஜையும் சேர்த்து கணக்கு பண்ணிட்டு ஏலத்துல கை வைங்க. டெட் வாக்ஸ் (பாட்டு முடிஞ்சு லேபிளுக்கு முன்னாடி இருக்கிற வெறும் இடம்) போட்டோ கட்டாயம் கேளுங்க, ஓக்கேன்னா இசட்எஸ்பின்னு ஆரம்பிக்கிற நம்பர் இருக்கணும், லேபிள்லயும் அதே நம்பர். ஒரிஜினல் ஸ்டைரீன்னு தெரிஞ்ச தட்டு கையில தடிமனா வளையுற வினைலா வந்தா உடனே சந்தேகப்படுங்க.

அடுத்து கை வைக்கப் போறது லாஸ் ஏஞ்சல்ஸ் மிர்வுட் லேபிள் தட்டுங்க, ஜாக்கி லீ, ஒலிம்பிக்ஸ் எல்லாம். மோனார்க் ஃபேக்டரியில அடிச்சதுல டெட் வாக்ஸ்ல சின்ன முக்கோணமும் பக்கத்துல நம்பரும் கீறியிருக்கும், அந்த நம்பர் வரிசையை வெச்சு எது முதல்ல அடிச்சது, எது அப்புறம் அடிச்சதுன்னு பிரிக்கலாம்னு ஒரு நோட்டு போட்டுக்கிட்டு இருக்கேன். அது தனியா எழுதுறேன்.

அதுக்கு முன்னாடி சாண்டி ஷெல்டன் வேலையே பாக்கி இருக்கு. தட்டோட ஓட்டை சரியா நடுவுல இல்ல, ஆர்ம் உள்ளயும் வெளியயும் லேசா ஆடுது, இழுத்துப் பாடுற சுரத்துல அது கேட்குது. அமெரிக்கத் தட்டுல ஓட்டை 38 மில்லிமீட்டர், அதனால ஒரு வழி இருக்கு, அடாப்டரை (பெரிய ஓட்டையை ஸ்பிண்டிலுக்குப் பொருத்துற வட்டு) சுத்தி உப்புத்தாள்ல கொஞ்சம் தேய்ச்சு சின்னதாக்கிட்டா தட்டை விரலால தள்ளி நடுவுக்கு கொண்டு வரலாம். அலுமினியம் அடாப்டர் ஒண்ணு தேய்க்க எடுத்து வெச்சிருக்கேன், எவ்வளவு தேய்க்கணும்னு இன்னும் முடிவாகல, ஆர்ம் ஆடுற அளவை முதல்ல ஸ்கேல் வெச்சு அளக்கணும்.