மாலத்தீவு போட்ட யூ-டர்ன்

2023 மாலத்தீவு அதிபர் தேர்தலில் ‘இந்தியாவே வெளியேறு’ என்பதுதான் வேட்பாளர் முகமது முய்சு அணியின் கோஷம். அங்கே இருந்ததோ எண்பது சொச்சம் இந்திய வீரர்கள், இரண்டு ஹெலிகாப்டர், ஒரு டோர்னியர் விமானம். தூரத்துத் தீவுகளிலிருந்து நோயாளிகளைத் தலைநகர் மாலேவுக்குத் தூக்கி வருவதும் அவர்கள் வேலைதான். மேடைக்கு அவ்வளவு போதும் போல!

ஜெயித்ததும் முதலில் துருக்கி, அப்புறம் சீனா என்று பறந்தார். 2024 மே மாதத்துக்குள் வீரர்கள் கிளம்பினார்கள். விமானங்கள் மட்டும் அங்கேயே நின்றன. அவற்றை இயக்கச் சீருடை இல்லாத இந்தியர்கள் போனார்கள்.

சரி, டாலர் கையிருப்பு வற்றியதே? அதே ஆண்டு அக்டோபரில் டெல்லி வந்து 40 கோடி டாலர் கரன்சி ஸ்வாப்புக்கு (சொந்த நாணயத்தைக் கொடுத்து டாலர் வாங்கி, பிறகு திருப்பித் தரும் ஏற்பாடு) கையெழுத்துப் போட்டார். 2025 ஜூலையில் மாலத்தீவு சுதந்திர தினத்துக்குச் சிறப்பு விருந்தினர் மோடி. விமான நிலையத்துக்கே வந்து வரவேற்றவர் சாட்சாத் முய்சு.