கோடு செதுக்கிய பிறகுதான் விடை எழுத வந்தது

நுண்கலை இளங்கலை மூன்றாம் ஆண்டின் உள்மதிப்பீட்டுத் தேர்வில், ‘நிலப்படத்தைக் கருவாகக் கொண்ட நவீனக் கலைப் படைப்புகள் இரண்டை விளக்குக’ என்று ஒரு வினா வந்தது. 20 மதிப்பெண். ஆறு பக்கம் எழுதினேன், 7 கிடைத்தது. புலம்பெயர்வு, அடையாளம், நினைவு, வேர் என்று பெரிய சொற்களாக அடுக்கியிருந்தேன். தாளின் ஓரத்தில் ஆசிரியை சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘இதில் படம் எங்கே?’

திரும்பப் படித்தபோது புரிந்தது. படைப்பின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயரைப் போட்டாலும் அந்த ஆறு பக்கமும் அப்படியே பொருந்தும். இந்தத் தலைப்பில் படிக்கிறவர்கள் எல்லாரும் விழும் குழி இது என்று இப்போது நினைக்கிறேன். ஊர், மண், எல்லை என்றாலே நமக்கு உணர்ச்சி பொங்குகிறது. அதைக் கொட்டினால் விடையாகிவிடும் என்று நம்பிவிடுகிறோம்.

நான் எழுதிய இரண்டில் ஒன்று, சரீனா ஹஷ்மி 2001-இல் செய்த ‘பிரிக்கும் கோடு’ என்ற மரச்செதுக்கு அச்சு. அவர் 1937-இல் அலிகாரில் பிறந்தவர், கணிதம் படித்தவர். தாளில் இருப்பது ஒரு கறுப்புக் கோடு மட்டும். 1947-இல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே விழுந்த எல்லை. ஊர்ப் பெயர் இல்லை, திசைக்குறி இல்லை. இதை எப்படி விளக்குவது என்று ஆசிரியையிடம் கேட்டேன். அவர் விளக்கவில்லை. அச்சுக்காகச் செதுக்கும் ஒரு லினோலியத் துண்டைக் கையில் கொடுத்து, ‘வெள்ளைத் தாளில் ஒரே ஒரு கறுப்புக் கோடு விழும்படி அச்சிட்டு வா’ என்றார்.

மூன்று மாலைப்பொழுது ஆயிற்று. புடைப்பு அச்சில் மேடாக நிற்கும் இடத்தில்தான் மை ஒட்டும். ஒரு கோடு வேண்டுமென்றால், அந்தக் கோட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உளியால் எடுத்தாக வேண்டும். கோட்டின்மேல் உளி படவே கூடாது. சுற்றியுள்ள பரப்பு முழுவதும் வெட்டுப்படும். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் சிறு சிறு மேடுகள் மிஞ்சி, அச்சில் கீறல்களாக விழுகின்றன. சரீனாவின் தாளிலும் அந்தக் கீறல்கள் இருக்கின்றன. அதுவரை நான் அவற்றைப் பார்க்கவே இல்லை.

அடுத்த தேர்வில் அதையே எழுதினேன்: இந்தக் கோடு வரையப்பட்டதன்று, இரு பக்கமும் இருந்ததை அகற்றியதால் மிஞ்சியது. அதற்குப் பிறகு வரலாறு தானாக வந்து சேர்ந்தது. அதற்குமுன் இந்தியாவையே பார்த்திராத பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப் 1947 ஜூலையில் வந்து சுமார் ஐந்து வாரத்தில் எல்லையை முடித்தார் என்ற செய்தி, முந்தைய தாளில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது செதுக்கிய பரப்போடு ஒட்டிக்கொண்டது. இரண்டரைப் பக்கம்தான் எழுதினேன். 16 கிடைத்தது.

ஆகவே முதலில் பொருளையும் கைவேலையையும் எழுதுங்கள். பிறகு தாளில் என்ன இருக்கிறது, எது விடப்பட்டிருக்கிறது என்று எழுதுங்கள். வரலாறு அதன் பிறகு வரட்டும். உங்கள் கருத்து கடைசியில் நான்கு வரி போதும்.

இரண்டு படைப்பைக் கேட்டால், ஒன்றுபோல் இருக்கும் இரண்டை எடுக்காதீர்கள். சரீனாவுக்கு இணையாக நான் பரிந்துரைப்பது ‘நுர்ராரா’ ஓவியத்துணி. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெரும் மணற்பாலையைச் சேர்ந்த பழங்குடி ஓவியர்கள் நாற்பது பேருக்கும் மேல் சேர்ந்து 1997-இல் தீட்டியது. 8 மீட்டருக்கு 10 மீட்டர். நில உரிமை கேட்டவர்கள் தீர்ப்பாயத்தின் முன் இந்தத் துணியை விரித்து, அவரவர் நீர்நிலை தீட்டப்பட்ட இடத்தில் நின்று, தம் மொழியில் அந்த நிலத்தைப் பற்றிப் பேசினார்கள். 2007-இல் உரிமை ஏற்கப்பட்டது. ஒரு பக்கம் நிலத்தை அறியாதவர் போட்ட கோடு, மறுபக்கம் நிலத்தை அறிந்தவர்கள் மேலே ஏறி நிற்கும் படம். ஒப்பீட்டுக்கு இதைவிட வலுவான இணை எனக்குக் கிடைக்கவில்லை. இத்தாலியக் கலைஞர் அலிகியேரோ போயெட்டி 1971 முதல் ஆப்கன் பெண்களைக் கொண்டு தைக்கச் செய்த உலகப் படங்களை எல்லாரும் எழுதுகிறார்கள். நீங்களும் எழுதலாம், ஆனால் தைத்த கைகளைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதுங்கள். சிலவற்றில் கடல் இளஞ்சிவப்பாக இருக்கிறது. அந்த ஒரு விவரமே உங்கள் தாளைத் தனியே காட்டும்.

தமிழில் எழுதுகிறவர்கள் யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனனை விட்டுவிடக் கூடாது. போரில் வீடிழந்தவர்களிடம், இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அந்தக் கைப்படங்களோடு கட்டடக்கலை வரைபடங்களையும் தம் ஓவியங்களையும் சேர்த்து 2011-இல் ஒரு கோப்பைப்போல நூலாக்கினார். தலைப்பில் ‘தோம்பு’ என்ற சொல் இருக்கிறது. டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேட்டின் பெயர் அது. ஆட்சி வைத்த பதிவேட்டின் பெயரையே எடுத்து, எந்தப் பதிவேட்டிலும் ஏறாத கிணற்றடியையும் மாமரத்தையும் அதில் ஏற்றியிருக்கிறார். நூலகத்தில் கிடைத்தால் ஒரு நாள் முழுவதும் அதோடு உட்காருங்கள்.

இறுதியாண்டுச் செய்முறைக்கு நான் எடுத்தது என் ஊர், சிவகங்கை மாவட்டத்துக் கண்மாய்க்கரைக் கிராமம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரையத்தான் முதலில் நினைத்தேன். பிறகு எங்கள் வயலின் புலப்படத்தை, அதாவது அரசு நில அளவைப் படத்தை எடுத்தேன். பக்க நீளங்கள், மூலைக் கற்கள், சர்வே எண், அவ்வளவுதான். அதை அப்பத்தாவிடம் காட்டினேன். ‘இதில் தண்ணீர் எந்தப் பக்கமாகப் பாய்கிறது, தாயி?’ என்று கேட்டார். படத்தில் பதில் இல்லை. மறுநாள் கரைமேல் நடந்தோம். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர் சொன்னார். வயலுக்குத் தண்ணீர் விடும் எந்த மடை எப்போது திறக்கும், கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாக மறுகால் போன ஆண்டு எது என்று சொன்னார். கார்த்திகையில் தண்ணீருக்குள் இருக்கும் கண்மாயின் உள்வாய், பங்குனியில் ஆடு மேயும் தரை என்றார். எந்தப் புலப்படத்திலும் மாதம் இல்லை.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியத்தில் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய அந்த வரி, கரைமேல் நின்றபோதுதான் எனக்கு ஓவிய வழிகாட்டியாகத் தெரிந்தது. ஒரே கண்மாயை இரண்டு கட்டைகளில் செதுக்கினேன், கார்த்திகைக்கு ஒன்று, பங்குனிக்கு ஒன்று. உங்கள் படத்துக்கும் ஒரு பொழுதைக் கொடுத்துப் பாருங்கள். எதை வரைவது, எதை விடுவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

ஒரு கைத்தவறையும் சொல்லிவிடுகிறேன். அச்சில் எல்லாம் இடவலமாகத் திரும்பும். தெரிந்திருந்தும் பட்டர் பேப்பரைத் திருப்பிப் போடாமல் பிரதி எடுத்துவிட்டேன். முதல் அச்சில், மேற்கே இருக்க வேண்டிய மேலமடை கிழக்கே போய்விட்டது. இரண்டு வார வேலை வீணாயிற்று. செதுக்கத் தொடங்குமுன் கட்டையைக் கண்ணாடி முன் பிடித்துப் பாருங்கள். அச்சுத்தாளைத் தேவைக்கு இருமடங்காக வாங்கி வையுங்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு அச்சுகளோடு செதுக்கிய கட்டைகளையும், நடந்தபோது எழுதிய குறிப்பேட்டையும் கொண்டுபோங்கள். வெளித்தேர்வாளர் என் அச்சுகளைச் சுவரில் பார்த்துவிட்டு, கார்த்திகைக் கட்டையைக் கையில் எடுத்தார். மடையிலிருந்து வயலுக்குப் போகும் பள்ளத்தை விரலால் தடவியபடி, இந்த ஓரிடம் மட்டும் ஏன் இவ்வளவு ஆழம் என்று கேட்டார். அங்கேதான் தண்ணீர் முதலில் இறங்கும் என்றேன். யார் சொன்னது என்றார். குறிப்பேட்டைத் திறந்து அப்பத்தா சொன்ன நாளைக் காட்டினேன். அதன்பிறகு இருபது நிமிடம் கண்மாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.