உறங்கும் வைரஸை எண்ணும் வேலை

பரிசோதனை அறிக்கையில் வைரஸ் ‘கண்டறிய இயலாத அளவு’ என்று வந்த பிறகுதான் எங்கள் வேலை தொடங்குகிறது. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டுவரும் எச்.ஐ.வி. தொற்றாளரின் ரத்தத்திலிருந்து, ஓய்வில் இருக்கும் சிடி4 செல்களை (நோய் எதிர்ப்புக்கான டி செல்களில் ஒரு வகை) பிரித்து, அவற்றில் எத்தனை இன்னும் பெருகக்கூடிய வைரஸைச் சுமக்கின்றன என்று எண்ண வேண்டும். ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்று. அந்த ஒன்றுக்காக 100 மில்லிக்கு மேல் ரத்தம் கேட்கிறோம். “ஒன்றும் தென்படவில்லை என்கிறீர்கள், பிறகு எதற்கு இவ்வளவு?” என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்வி.

வைரஸைக் கள்ளன், சூழ்ச்சிக்காரன் என்று எழுதுவது எனக்கு உவப்பில்லை. பழைய கிருமிகளை நினைவில் வைத்திருப்பதற்கென்றே சில டி செல்கள் ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்கின்றன. வைரஸின் மரபுக்குறிப்பு அத்தகைய செல்லின் டி.என்.ஏ.வுக்குள் ஒட்டிக்கொண்டால், செல் ஓயும்போது அதுவும் ஓய்கிறது. புரதம் உருவாகாததால் நோய் எதிர்ப்பாற்றலின் கண்ணில் படுவதில்லை. பெருக்கத்தைத் தடுக்கும் மருந்துக்கோ, தடுக்க அங்கே எதுவும் நடக்கவில்லை. செல் பிளந்து இரண்டானால் வைரஸும் இரண்டு. இந்தச் சேமிப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதங்கள் ஆகின்றன. மருந்தை மட்டும் நம்பினால் முழுவதும் தீர 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பது கணக்கு. நோய் எதிர்ப்புச் செல்களில் இன்னொரு வகையான பி செல்களில் இதேபோல் குடியிருக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸை வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் சுமக்கிறோம். அதற்காக யாரும் தூக்கத்தைத் தொலைப்பதில்லை.

எண்ணுவதற்கு உறங்குவதை எழுப்பியாக வேண்டும். செல்களை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டே குழித்தட்டுகளில் இடுகிறோம். பீன்ஸ் விதையிலிருந்து எடுத்த ஒரு புரதம் அவற்றை உசுப்பும். வெளிவரும் வைரஸுக்கு இரையாக, தொற்றில்லாதவர்களின் செல்களையும் சேர்க்கிறோம். இரண்டு, மூன்று வாரங்கள் இன்குபேட்டரில் இருக்க வேண்டும். செல்கள் பெருகப் பெருக இளஞ்சிவப்புத் திரவம் மஞ்சளாகும். அந்த மஞ்சளைப் பார்த்து மகிழக் கூடாது, செல்கள் நலமாக இருக்கின்றன என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. வைரஸ் வந்ததா என்பதை, எச்.ஐ.வி.யின் பி24 என்ற புரதத்தைக் கண்டறியும் எலிசா சோதனைதான் சொல்லும்.

வைரஸின் மரபுக்குறிப்பை நகலெடுத்து எண்ணும் பிசிஆர் சோதனை எளிது, ஆனால் பெருகவே முடியாத உடைந்த பிரதிகளையும் சேர்த்து எண்ணிவிடும்; அவை பத்தில் ஒன்பதுக்கும் மேல். எங்கள் முறையோ குறைத்துச் சொல்லும். முதல் உசுப்பலுக்கு அசையாத சில செல்கள் இரண்டாவதற்கு எழுகின்றன. இரண்டில் குறைத்துச் சொல்வதையே நான் அதிகம் அஞ்சுகிறேன். அமெரிக்காவின் மிசிசிப்பியில் எச்.ஐ.வி.யுடன் பிறந்து, சுமார் 30 மணி நேரத்திலேயே சிகிச்சை தொடங்கப்பட்ட குழந்தைக்கு, மருந்தை நிறுத்திய பின்னும் 27 மாதங்கள் வைரஸ் தலைகாட்டவில்லை. 2014-இல் திரும்பி வந்துவிட்டது.

அதனால், எந்தக் குழியிலும் வைரஸ் வளராவிட்டாலும் முடிவில் நாங்கள் பூஜ்யம் போடுவதில்லை. கிடைத்த செல்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிட்டு, ‘இந்த அளவுக்கும் கீழே’ என்று மட்டும் குறிக்கிறோம்.