விட்ட பக்கம்: ஒரு வருஷ வாசிப்பைக் கணக்கு முடிப்பது

டிசம்பர் பிறந்தாலே "இந்த வருஷம் எத்தனை புத்தகம்?" என்ற பேச்சு வந்துவிடும். 20-ஆம் தேதிக்கு மேல், நூறு பக்கத்துக்கும் குறைந்த கவிதைத் தொகுப்பாகப் பார்த்து எடுத்து எண்ணிக்கையை ஏற்றுகிறவர்கள் உண்டு. கணக்கு கெடுவது அங்கேதான். அதனால் டிசம்பர் 31-ல் முடிக்க வேண்டாம் என்பது என் கட்சி. மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டை ஒட்டி ஆவணியில் தொடங்கி ஆடியில் முடித்தாலும் தப்பில்லை, 12 மாதம் இருந்தால் சரி.

ஆனாலும் கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்துக்காரர்களுக்குத் தை மாதம்தான் தோது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), துலாமழை (வடகிழக்குப் பருவமழை) இரண்டுமே நனைக்கிற மண் இது. மழை விட்டுக் காற்றில் ஈரம் குறைய மார்கழி பாதி ஆகிவிடும். பொங்கலை ஒட்டி அலமாரியை இறக்கித் துடைக்கும் அன்றைக்கே நோட்டையும் பக்கத்தில் விரித்து வைத்தால் இரண்டும் ஒரே வேலையாக முடியும். சென்னைப் புத்தகக் காட்சியும் பெரும்பாலும் ஜனவரியில் வருகிறது. வாங்கி வைத்துத் தொடாமல் கிடப்பவை எத்தனை என்று தெரிந்துகொண்டு கிளம்பினால் பர்ஸ் தப்பும்.

நோட்டுக்கு 80 பக்கம் போதும். விரித்தால் எதிரெதிராக வரும் இரண்டு பக்கங்களிலும் சேர்த்து ஏழு கட்டம் போடுங்கள்: தொடங்கிய தேதி, முடித்த தேதி, தலைப்பும் ஆசிரியரும், மொழிபெயர்ப்பாளர், எங்கிருந்து வந்தது (சொந்தம், நூலகம், இரவல்), படித்த பக்கங்கள், விட்ட பக்கம். அஞ்சுக்கு இத்தனை என்று மார்க் போடும் கட்டம் வேண்டாம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாமே மூன்றரையில் வந்து நிற்கும்.

பக்கக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. டெம்மி அளவில் ஒரு பக்கத்துக்கு 32 வரி, வரிக்கு 7 சொல் என்றால் 224 சொல். கிரவுன் அளவில் 26 வரி, 6 சொல் என்றால் 156. அப்படியானால் 300 பக்க கிரவுன் புத்தகம் டெம்மியில் ஏறக்குறைய 209 பக்கம்தான். ஒவ்வொரு பதிப்பகமும் எழுத்தின் அளவை மாற்றுகிறது. ஒரே நாவல் இரண்டு பதிப்பில் அறுபது எழுபது பக்கம் கூடிக் குறைவதும் நடக்கும். ஆகவே ஒவ்வொரு புத்தகத்திலும் நடுவில் ஒரு முழுப் பக்கத்தைத் திறந்து, வரிகளை எண்ணி, ஐந்து வரியின் சொற்களை எண்ணிச் சராசரி எடுத்து, தலைப்புக்குக் கீழே பென்சிலில் எழுதிவிடுங்கள். இரண்டு நிமிஷ வேலை. முன்னுரை, பதிப்புரை, வெற்றுப் பக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் எண் போட்டிருப்பார்கள், நாவல் 17-ஆம் பக்கத்தில் தொடங்கும். அதைக் கழிக்க வேண்டும். மின்னூலுக்கு முன்னேறிய சதவீதம், ஒலிநூலுக்கு மணி நேரம். அவற்றைப் பக்கமாக மாற்றப் போனால் குழப்பம்தான் மிஞ்சும், தனியே வைத்துவிடலாம்.

இனி விட்ட பக்கம். எல்லாரும் காலியாக விடுகிற கட்டம் இதுதான். பாதியில் வைத்த புத்தகத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் மறைப்பது ஒருவித வெட்கம். 46 புத்தகம் தொடங்கி 29 முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "29 படித்தேன்" என்பதைவிட மீதி 17 எந்தெந்தப் பக்கத்தில் நின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 30 பக்கத்துக்குள் நின்றவை பெரும்பாலும் வாங்கும்போதே தவறியவை: அட்டை, விருது, யாரோ சொன்னது. 80-க்கும் 120-க்கும் இடையில் நின்றவற்றை எடுத்துப் பாருங்கள், பாத்திரங்கள் பெருகி யார் யாருக்கு என்ன உறவு என்று கைநழுவிய இடமாக இருக்கும். தொடங்கிய அன்றே ஒரு துண்டுத் தாளில் உறவுமுறையை எழுதி வைத்திருந்தால் பாதி தப்பியிருக்கும். கடைசிக் கால்பங்கில் நின்றவற்றில் புத்தகத்தின் மேல் குற்றம் குறைவு. நூலகத் தவணை முடிந்திருக்கும், அல்லது இடையில் புதிதாக ஒன்று வாங்கி வந்திருப்பீர்கள்.

நம் பக்கத்தில் இந்தக் கட்டத்தைத் தமிழுக்கு ஒன்று, மலையாளத்துக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை இன்றைய கேரளத்துக்கு முந்தைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. மலையாளம் காதுக்குப் பழக்கம். களியக்காவிளையில் கேரளா பஸ்ஸின் போர்டைப் படித்து ஏறவும் தெரியும். அந்தத் தைரியத்தில் நேரே 400 பக்க நாவலில் இறங்கி 25-ஆம் பக்கத்தில் கரை ஏறுவதுதான் வழக்கமான விபத்து.

காரணம் எழுத்து மட்டுமல்ல. "வந்தேன், வந்தாள், வந்தார்கள்" என்று தமிழில் வினையே ஆளைச் சொல்லிவிடும். மலையாளத்தில் எல்லாவற்றுக்கும் "வந்நு" ஒன்றுதான். உரையாடல் மிகுந்த பக்கத்தில் எழுவாயை ஒரு வரியில் தவறவிட்டால், யார் வந்தது, யார் போனது என்று மேலே போய்த் தேட வேண்டியிருக்கும். வேகம் குறைவது அந்தத் தேடலில்தான். சொந்தப் புத்தகமாக இருந்தால் பேசுகிறவர் பெயரின் முதலெழுத்தை ஓரத்தில் பென்சிலில் குறிப்பது நல்ல மருந்து, ஐம்பது பக்கத்துக்குப் பிறகு தேவைப்படாது.

அடுத்தது, தெரிந்த சொல் போல வந்து ஏமாற்றுகிறவை. "வெள்ளம்" நமக்குச் சிக்கலில்லை, குடிக்கிற தண்ணீரை நாமும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் "வ்யவசாய மந்த்ரி" தொழில்துறை அமைச்சர். விவசாயம் என்று படித்தால் அந்தப் பத்தியே வயலுக்குப் போய்விடும். "விகாரம்" அங்கே உணர்ச்சி, "சம்சாரம்" பேச்சு, "யோகம்" கூட்டம், "அவஸ்த" வெறும் நிலைமை. அகராதி பார்க்கத் தோன்றாத சொற்கள் என்பதால்தான் ஆபத்து. நோட்டின் கடைசி நான்கு பக்கத்தை இவற்றுக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

பழைய புத்தகக் கடையில் வாங்கும்போது அச்சான வருஷத்தைப் பார்ப்பது முக்கியம். 1971-ல் வந்த மலையாள எழுத்துச் சீர்திருத்தத்தில்தான் உகர, ஊகாரக் குறிகள் மெய்யிலிருந்து பிரிந்து தனியாக நிற்கத் தொடங்கின. அதற்கு முந்தைய அச்சில் கு, து, ரு எல்லாம் நம் தமிழில் போலவே எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும், கூட்டெழுத்துகளும் ஏராளம். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு அவை வேண்டாம்.

வேகத்தை அளக்க: 15 நிமிஷம் கடிகாரம் வைத்துப் படித்து, தொடங்கிய இடத்திலும் நின்ற இடத்திலும் புள்ளி வைத்து வரிகளை எண்ணுங்கள். 80 வரி என்றால் மணிக்கு 320 வரி, 32 வரிப் பக்கத்தில் மணிக்கு 10 பக்கம். தமிழில் 30 போகிறவருக்கு இது சித்திரவதையாகத் தெரியும். மணிக்கு 10-க்குக் கீழே இருக்கும்வரை சிறுகதையோடு நிற்பது என் யோசனை; ஒரே அமர்வில் முடிகிற எதுவும் நாவலைவிட மேல். ஜூன் 19-ஆம் தேதி, கேரள நூலக இயக்கத்தின் முன்னோடி பி.என். பணிக்கரின் நினைவு நாளைக் கேரளத்தில் வாயனா தினம் (வாசிப்பு நாள்) என்று கொண்டாடுவார்கள். வேகத்தை மறுபடி அளக்க, வருஷ நடுவில் அது ஞாபகத்தில் நிற்கிற தேதி.

மொழிபெயர்ப்பாளர் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' 1956-ல் வந்தது. தமிழில் தந்தவர் நாகர்கோவில் சுந்தர ராமசாமி. இரண்டையும் படித்தால் இரண்டு வரியாகவே எழுதுங்கள், இரண்டுக்கும் தனித்தனியாக நேரம் போயிருக்கிறது. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்ததா, நேரடியாகவா என்பதையும் குறியுங்கள். வருஷக் கடைசியில் அயல் நாவல்கள் எல்லாமே ஒரே நடையில் இருந்ததாகத் தோன்றினால், அதற்கான விடை பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் கிடைக்கும்.

அலமாரி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூஞ்சை பிடித்த புத்தகத்தை வீட்டுக்குள் தட்டக் கூடாது, மற்றவற்றில் பரவும். வாசலில் வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு, உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்கணும். நேர்வெயிலில் காயவைத்தால் அட்டை வளையும், முதுகுப் பசை நொறுங்கும். நிழலில் காற்றோட்டமாக, விசிறி போல விரித்து நிறுத்தினால் போதும். ஈரமான பக்கங்களுக்கு இடையே செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டும், வெள்ளைத்தாள் வைங்கள். வேப்பிலை போடுவதானால் சருகாகக் காய்ந்த பிறகே, பச்சை இலை ஈரத்தைத்தான் கூட்டும். சுவரிலிருந்து அலமாரி நாலு விரல் தள்ளி இருக்கட்டும். சிதல் (கரையான்) ஏறும் மண்கோடு பின்பக்கச் சுவரில் தெரிகிறதா என்று அப்போதுதான் குனிந்து பார்க்க முடியும்.

துடைத்து அடுக்கும்போதே மூன்று குவியல்: முடித்தவை, தொடாதவை, பாதியில் நின்றவை. மூன்றாவது குவியலை நோட்டோடு ஒத்துப் பாருங்கள். எழுதாமல் விட்டவை இரண்டு மூன்றாவது மாட்டும். பிறகு புது நோட்டின் முதல் பக்கத்தில் கடைக் கணக்கில் எழுதுவது போல "முன்பாக்கி" என்று தலைப்பிட்டு, மூன்றில் இரண்டு பங்கு தாண்டி நின்றவற்றை மட்டும் பக்க எண்ணோடு ஏற்றுங்கள். 30-க்குள் நின்றவற்றை ஏற்ற வேண்டாம். அவற்றைக் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டால் அலமாரியில் இடமாவது கிடைக்கும்.