முதல் பிரதியில் வாள் இடது கையில்

மூன்று மாதமாக ஒரே படத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். செர்வான்டிஸின் 'டான் குவிக்ஸாட்' நாவலின் பிரெஞ்சுப் பதிப்புக்காக குஸ்தாவ் டோரே வரைந்து 1863இல் வெளியான படம் அது. நாற்காலியில் கிழவர், இடது கையில் புத்தகம், வலது கையில் ஓங்கிய வாள். படித்த கதைகளெல்லாம் உயிர்பெற்று அறை முழுக்க மொய்க்கின்றன. அத்தனையும் என்னால் முடியாது. அவர் தலையும் வாள் பிடித்த கையும் மட்டும், உள்ளங்கை அகல மரக்கட்டையில் செதுக்கி, மை தடவித் தாளில் அச்செடுக்கிறேன்.

கட்டையை நீளவாக்கில் அறுக்கக் கூடாது. குறுக்கே அறுத்த முகத்தில்தான் உளி எந்தப் பக்கமும் தடையில்லாமல் ஓடும். அந்தக் காலத்தில் இதற்கு பாக்ஸ்வுட். அது பருத்து வளராத மரம் என்பதால் பெரிய படங்களுக்குத் துண்டுகளை ஒட்டுச்சேர்த்தார்கள். எனக்குக் கிடைத்தது மேப்பிள். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கவே இரண்டு நாள்.

முதல் கட்டை வீண். அச்சில் இடம் வலமாகும் என்பதை மறந்து படத்தை அப்படியே ஏற்றிவிட்டேன். இரண்டு வார வேலை. தாளை உரித்துப் பார்த்தால் வாள் இடது கையில். அன்றைக்கு ரொம்ப வலித்தது. இரண்டாவது கட்டைக்கு டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டேன்.

செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. கன்னத்து நிழலுக்கு வந்தபோதுதான் எலியோடோர் பிசான் யாரென்று எனக்குப் புரிந்தது. டோரே கட்டையின் மேலேயே தூரிகையால் மை கரைத்துத் தீட்டிவிடுவார். அந்தச் சாம்பல் பூச்சில் கோடே கிடையாது. அதைக் கோடுகளாக்கியவர் செதுக்குபவரான பிசான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கன்னத்துக் கோடுகள் எலும்பின் வளைவோடே போகின்றன; வெளிச்சத்தில் மெலிந்து, நிழலில் தடிக்கின்றன. படத்தின் அடியில் அவர் பெயரும் இருக்கிறது. இத்தனை வருடம் அதை நான் படித்ததே இல்லை.

வளைவுகளுக்கு உளியைத் திருப்பாதீர்கள். மணல் அடைத்த தோல் பையில் கட்டையை வைத்து, கட்டையைத் திருப்புங்கள். கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டால் டால்கம் பவுடரைத் தேய்த்துத் துடைத்தால் பளிச்சென்று நிற்கும்.

நேற்று எடுத்த பிரதியில் தாடி அடைத்துக்கொண்டது, மை அதிகம். கண்கள் வந்துவிட்டன. வாளும் சரியான கையில். அடுத்தது, தரையில் எலிமேல் சவாரி செய்யும் அந்தக் குட்டி வீரன். அவனுக்கு இன்னும் மெல்லிய உளி வேண்டும்.