கோபுரக் கோடுகள் கணினிக்குள் வந்த விதம்

மயிலாப்பூர் தெப்பக்குளக் கரையில் அமர்ந்து பென்சிலால் வரைந்த கபாலீசுவரர் கோபுரத்தை, 600 டிபிஐ துல்லியத்தில் ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்தேன். கோடுகளைத் தானாகத் தடம்பிடிக்கும் வசதி அதில் உண்டு. ஆனால் அது தாளின் சொரசொரப்பையும் அழிரப்பர் விட்டுச்சென்ற மங்கலையும் கோடாக எண்ணி, ஒரு யாளியின் பிடரிக்கே, கோட்டின் வளைவைத் தீர்மானிக்கும் எண்ணற்ற புள்ளிகளைக் கொட்டிவிட்டது. ஆகவே ஸ்கேன் படத்தை மங்கலாக்கிப் பூட்டிவிட்டு, மேலே தனி அடுக்கில் பேனா கருவியால் நானே மறுபடி வரைந்தேன். வளைவு திரும்பும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்ததும், அந்தப் பிடரி ஒன்பதே புள்ளிகளில் அடங்கி, இழைக்கோலம் போல வழுவழுப்பாக ஓடியது. பென்சில் அழுத்தத்தால் தடித்திருந்த கோடுகளை ஒரே தடிமனாக்க மட்டும் மனம் வரவில்லை. படத்தைக் கோடுகளின் கணக்காகவே வைத்திருக்கும் எஸ்விஜி கோப்பாகச் சேமித்ததால், அஞ்சலட்டையிலும் பெரிய சுவரொட்டியிலும் விளிம்பு சிதையாமல் அச்சாகும்.